எந்த ஆற்று மண்?

நல்லரத்தினத்தாருக்கு அந்த மார்கழியில் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மகள் வீட்டுக்குக் காலையில் ஒரு தரம் போனார், மத்தியானம் ஒரு தரம் போனார், பொழுதுபடுமுன் இன்னொரு தரம் போனார். போனவர் பேரப்பிள்ளையைத் தூக்குவதற்கு முன் கூடத்து நடுவில் நின்று அண்ணாந்து கொங்கிறீட் பீமைப் பார்த்தார். குடையின் நுனியால் அதைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார்.

“என்னப்பா, வந்தாப் புள்ளையப் பாக்கிற இல்ல, முகட்டப் பாக்கிறீங்க. அங்க என்ன இரிக்கு?” என்று கேட்டாள் மகள் கம்சாயினி.

“ஒண்டுமில்ல மகள். மழை நாள்தானே, ஒழுக்கு வருதோ எண்டு பாத்தன்.”

ஒழுக்கு ஓட்டில் வரும். பீமில் எங்கே வரும்? முப்பது வருடம் கொந்தராத்து எடுத்து வீடு கட்டிய மனிதர் சொல்லக்கூடிய சாட்டா இது? அப்பாவுக்கு வயது போகிறது என்று கம்சாயினி நினைத்துக்கொண்டாள். பெற்றவர்களின் கள்ளத்துக்கெல்லாம் பிள்ளைகள் முதலில் வயதைத்தான் காரணம் காட்டுவார்கள்.

விஷயம் இதுதான். நாவற்குடாவில், ஆற்றங்கரைப் பக்கமாக, நல்லரத்தினத்தார் மூன்று வருடத்துக்கு முன் இரண்டு வீடு கட்டினார். ஒன்று வினாயகமூர்த்தி என்ற ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு. மற்றது சொந்த மகளுக்கு. சுனாமிக்குப் பிறகு கடற்கரைச் சனமெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடி வந்த காலம் அது. கல் இருந்தால் சீமெந்து இல்லை, சீமெந்து இருந்தால் மண் இல்லை. மண் படுவான்கரையிலிருந்து வரவேண்டும். வாவிக்கு மேற்கே மழைவெள்ளம் ஓடுகிற ஆறுகளில் அள்ளிய நல்ல மண். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் சண்டை திரும்பவும் மூண்டது. மண் ஏற்றிய டிப்பர்கள் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நாட்கணக்காகக் கிடந்தன, பிறகு வருவதையே விட்டுவிட்டன.

வினாயகமூர்த்தி விடிந்தால் பொழுதுபட்டால் வந்து நின்று அரித்தார். மகளுக்கோ தையில் கலியாணம். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் தாலி ஏறுகிற ஊரா இது? நல்லரத்தினத்தார் இளையதம்பியின் தோணியைப் பிடித்தார். தோணிக்காரர் வாவிக்குள் முங்கி முங்கி அள்ளிக் கரையில் குவித்தார்கள். ஒரே குவியல்தான். முக்கால்வாசி வினாயகமூர்த்தியின் பீமுக்குள் போனது, மிச்சம் கம்சாயினியின் பீமுக்குள் போனது.

வாவி முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. ஆவணியில் அதன் தண்ணீரை வாயில் வைக்க ஏலாது. உப்பு மண் கொங்கிறீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப் பருத்து, உள்ளே இருந்தபடியே கொங்கிறீட்டை வெடிக்கப்பண்ணும். இது நல்லரத்தினத்தாருக்குத் தெரியாததல்ல. ‘கழுவிப்போட்டுத்தானே போட்டம்’ என்று தனக்குத்தானே பல தரம் சொல்லிப் பார்த்தார். கழுவியது உண்மைதான். எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்றால், அதே வாவித் தண்ணீரில்.

சண்டை முடிந்த இந்த வருடம் வைகாசியில் வினாயகமூர்த்தி கனடாவிலிருக்கிற மகனிடம் போகப் புறப்பட்டார். வீட்டை விற்கவேண்டும். பீமுக்குக் கீழே மண்ணிறமாக ஏதோ கசிகிறது, ஒருக்கால் பார்த்துவிடுங்கள் என்றார். நல்லரத்தினத்தார் ஏணி வைத்து ஏறி, உளியால் கொத்திப் பார்த்தார். கம்பி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கையோடு வந்தது. இறங்கியிருக்கலாம், வாயைத் திறந்திருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். பீமுக்குள் மறைக்க அரை மூட்டைச் சீமெந்தும் ஒரு வாளி வெள்ளைப் பெயின்றும் போதும். மூன்றே நாளில் பீம் புதுப் பெண்ணைப்போல் ஆனது.

வாங்க வந்தவள் இராசாத்தி. வாகரைக்காரி. சுனாமியில் புருசனையும் குடிசையையும் ஒரே காலையில் இழந்தவள். அதற்கு முன்னும் பின்னுமாக ஒன்பது வருடம் குவைத்தில் யார் யாருடைய அடுப்படியிலோ நின்று உழைத்து, மகள் சுலோஜனாவுக்குச் சீதனமாக ஒரு கல்வீடு வேண்டும் என்று வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டியவர் யார் என்று விசாரித்து நல்லரத்தினத்தாரிடமே வந்துவிட்டாள்.

“என்ன மண்ணில கட்டின அண்ணன்?”

“ஆத்து மண்தான்.”

“வாய்ப்பேச்சு வேணாம். எழுதித் தாங்க.”

எழுதிக் கொடுத்தார். ‘இவ்வீடு ஆற்று மணலால் கட்டப்பட்டது. அவ்வாறு அல்லவெனில் வரும் சேதத்துக்கெல்லாம் நானே பொறுப்பு.’ எழுதும்போது மனம் உறுத்தவில்லை. ஏன் உறுத்தவேண்டும்? வரைபடத்திலும் பள்ளிக்கூடப் புத்தகத்திலும்தான் அது வாவி. கரையிலிருக்கிற சனத்தின் வாயில் அது என்றைக்கும் ஆறுதான். மீன்பிடிக்கப் போனவன் ஆற்றுக்குப் போனான்; அக்கரைக்குப் போனவன் ஆறு கடந்து போனான். ஆகவே பொய் எழுதவில்லை என்று அன்றைக்கு ஆறுதலாகப் படுத்தார்.

புரட்டாதியில், சுலோஜனா உட்கார்ந்து தைக்கிற மெசினுக்குப் பக்கத்தில், பீமிலிருந்து ஒரு பலகையளவு கொங்கிறீட் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் பெட்டை உயிரோடு இல்லை. இராசாத்தி விழுந்த கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நேரே கரைக்கு இறங்கிப் போய் வாவித் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே உப்பு. பிறகு கட்டியைக் கையில் பிடித்தபடியே நல்லரத்தினத்தாரின் வேலிப் படலையில் வந்து நின்றாள்.

“ஆத்து மண் எண்டுதானே எழுதித் தந்தீங்க?”

“ஓம். ஆத்து மண்தான்.” கட்டியைப் பார்க்காமல் சொன்னார். “எந்த ஆறு எண்டு நீ கேக்கல்லயே.”

சொல்லிய உடனேயே, இதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. வாயிலிருந்து விழுந்த சொல்லை எந்த மேசனால் பூசி மறைக்கமுடியும்?

இராசாத்தி கட்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “எங்கட வாகரையில உப்பெண்டா உப்பாறு எண்டு பேரிலயே சொல்லிப்போடுவாங்க. உங்கட ஊரில கேட்டாத்தான் சொல்லுவீங்களா?” என்றாள். அடுத்த கிழமை, கோட்டுக்குப் போகுமுன் சமரசம் பேசுகிற இணக்கசபைக்கு எழுதிப்போட்டாள். மாப்பிள்ளை வீட்டார், வீட்டுப் பிரச்சினை தீரட்டும், பிறகு நாள் வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நல்லரத்தினத்தாரின் நிலையைப் பாருங்கள். மகள் வீட்டுப் பீமை உடைத்து மாற்றுவது அவருக்குப் பத்து நாள் வேலை. ஆனால், நேற்றுக் கட்டிய பீமை ஏன் உடைக்கிறீர் என்று ஊர் கேட்கும். இராசாத்தியின் காதுக்கும் போகும். உடைத்தால் அவரே அவருக்கு எதிரான சாட்சி. உடைக்காவிட்டால் மகளும் பேரனும் அதற்குக் கீழே. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குக் கனம் முழுவதும் மகளின் தலைக்கு மேலே இருந்தது. முதலில் சபையில் தப்பிக்கொள்வோம், பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லி மகளின் பீமை மாற்றுவோம் என்று கணக்குப்போட்டார். சபையோ மழையால் இரண்டு தரம் தள்ளிப்போனது. அதனால்தான் அந்தக் குடையும், அந்தத் தட்டலும்.

கடைசியில் மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை சபை கூடியது. பள்ளிக்கூட மண்டபம். தலைவர் ஒஸ்வல்ட், ஓய்வுபெற்ற அதிபர், பறங்கியர். கோபம் வந்தால் மூன்று பாசையிலும் ஏசுவார், தீர்ப்பு மட்டும் ஒரு பாசையிலும் சொல்லமாட்டார். இணக்கசபை இணக்குவதற்குத்தான், தீர்ப்புச் சொல்வதற்கல்ல என்பார். பக்கத்தில் இன்னும் இருவர். பின்வாங்கில் மழைக்கு ஒதுங்கிய சனம்.

ஒஸ்வல்ட் கடிதத்தை வாசித்தார். “மிஸ்டர் நல்லரத்தினம், இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஓம் சேர். எழுதினபடிதான் கட்டினன். ஆத்து மண்.”

“எந்த ஆறு?”

“நம்மட ஆறு சேர். ஆறு எண்டு இந்த ஊரில வேற எதச் சொல்ற?”

பின்வாங்கில் ஒருவன், அது சரிதானே என்றான். இராசாத்தி எழும்பினாள். பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே கலங்கல் தண்ணீர்.

“காலைல கரையில அள்ளின சேர். உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தான் வேணும். ஆறு எண்டு சொல்றாரே, அந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சுக் காட்டட்டும். குடிச்சா நான் வழக்க விட்டுட்டுப் போறன்.”

நல்லரத்தினத்தார் போத்தலைப் பார்த்தார். அடுத்த கணம் அவருக்குள் ஒரு கள்ளச் சிரிப்பு எழும்பியது. இவள் நாக்கில் வைத்துப் பார்த்தது புரட்டாதியில். இப்போது மார்கழி. இருபது நாளாக அடைமழை. படுவான்கரை வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கி, முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டுண்டு, உப்பை அடித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியும். ஒன்பது வருடம் குவைத்தில் குழாய்த் தண்ணீர் குடித்தவளுக்கு ஆத்திரத்தில் அது மறந்துபோயிருந்தது.

“வயித்தால போகும், குடிக்காதீங்க,” என்றார் ஒஸ்வல்ட்.

நல்லரத்தினத்தார் மூடியைத் திருகினார். மடமடவென்று பாதிப் போத்தலைக் குடித்தார். சால்வையால் வாயைத் துடைத்தார். “நல்ல தண்ணி சேர்,” என்றார்.

சனம் சிரித்தது. ஒஸ்வல்ட் நம்பாமல் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இராசாத்தி போத்தலைப் பிடுங்கித் தானும் ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் செத்துப்போனது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நல்லரத்தினத்தார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

“இணக்கம் இல்லை எண்டு எழுதித் தாறன் பிள்ளை. நீங்க கோட்டுக்குப் போகலாம்,” என்றார் ஒஸ்வல்ட்.

“கோட்டுக்குப் போனா அங்கயும் இவர் குடிப்பார் சேர். ஆறு இப்ப இவர்ட பக்கம்.” என்றாள் இராசாத்தி. “ஆடி ஆவணியில வழக்கு வைங்க. மறுகா குடிக்கச் சொல்லுங்க.”

அதற்கும் சனம் சிரித்தது. சிரிப்புக்கு நியாயம் தெரியாது. அவள் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

வெளியே நாலு பேர் நல்லரத்தினத்தாருக்குக் கைகொடுத்தார்கள். கொந்தராத்தர் ஆற்றையே குடித்துவிட்டார் என்றான் ஒருவன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து மத்தியானம்வரை அவரை விடவில்லை; பிறகுதான் வென்ற மனிதர் சைக்கிளை எடுத்து மிதித்தார். வென்றவருக்கு ஏன் வேர்க்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. தைப்பொங்கல் முடியட்டும், மேல்மாடி எடுக்கப்போகிறேன் என்று சொல்லி மகளின் பீமை உடைத்துவிடலாம். ஒரு மாதம்தானே, இத்தனை நாள் நின்ற பீம் இன்னும் ஒரு மாதம் நிற்காதா? இப்படி எண்ணிக்கொண்டு போனவருக்கு, ‘நிக்கும்’ என்று தனக்கே சொல்ல வாய் வரவில்லை.

அவருக்கு முன்னே செய்தி போன் வழியாக மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. படியேறும்போதே மருமகன் விஜிதரன் சிரித்துக்கொண்டு எதிரே வந்தான். கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் வேலை, அமைதியான பிள்ளை.

“மாமா, கேள்விப்பட்டம்! இஞ்ச பாருங்க.”

கூடத்து நடுவில், பீமில், புத்தம்புதுக் கொளுக்கி. அதிலிருந்து ஏணை தொங்கியது. ஏணைக்குள் பேரன்.

“இவ்வளவு நாளும் பீமில ஆணி கீணி அடிக்காதீங்க எண்டு நீங்க சொன்னதால மாமரத்திலதான் ஏணை கட்டின. மழைக்கு அது சரிவருதில்ல. உங்கட மண் நல்ல மண் எண்டு சபையிலயே தீந்துபோச்சுதானே, அதான் றில் மெசின் இரவல் வாங்கித் துளைச்சுப்போட்டன்.”

நல்லரத்தினத்தார் தரையைப் பார்த்தார். துளைபோட்ட தூள் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தது. சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய தூள் செங்காவியாகக் கிடந்தது. ஏணை மெல்ல ஆட, கொளுக்கியடியிலிருந்து இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பிள்ளையை ஏணையிலிருந்து பறித்தெடுத்த வேகத்தில் அது வீரிட்டது. கம்சாயினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னப்பா? என்ன நடந்த?”

“வெளியால வாங்க. ரெண்டு பேரும் விறாந்தைக்கு வாங்க. அந்தக் கயித்த அவிழ்த்துப்போட்டு வாங்க மகன்.”

“மாமா, ஆத்து மண்தானே?”

“ஆத்து மண்தான் மகன்.” பின்கதவால் தெரிந்த வாவியைக் கையால் காட்டினார். “இந்த ஆத்து மண். ஆவணியில அள்ளின.”

விஜிதரனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. கயிற்றை அவிழ்த்த கை அப்படியே நின்றது. கம்சாயினி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகிற பிள்ளையைத் தட்டினாள். தகப்பனை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

“அப்ப அந்த இராசாத்தி மாமிட வீடு?” என்று கேட்டாள்.

“அதுவும்தான்.”

“அவங்க எங்க இருக்காங்க இப்ப?”

“வீட்டிலதான் மகள். வேற எங்க போற?”

“நீங்க தண்ணியக் குடிச்சுக் காட்டினீங்க எண்டு இவர் சொல்லக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்திச்சப்பா.” இப்போது அவள் கண்ணால் நீர் ஓடியது. “இந்தப் புள்ளைய வெச்சிக்கிட்டு நான் சிரிச்சன்.”

நல்லரத்தினத்தார் விறாந்தைத் திண்ணையில் உட்கார்ந்தார். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஊருக்கு முன்னால் வந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பெற்ற மகள் தன் சிரிப்பை நினைத்து அழுவதை எதைச் சொல்லிச் சமாளிப்பது?

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எழும்பினார். “நீங்க மூண்டு பேரும் நம்மட பழைய வீட்டுக்குப் போங்க. கொட்டிலுக்குள்ள பாலைமரக் கால் கிடக்கு. கொண்டுவந்து இதுக்கு முட்டுக்கொடுக்கிறன்.”

“எத்தின வீட்டுக்குக் காணும்?”

அவர் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். “ஒரு வீட்டுக்குத்தான் மகள். மற்றதுக்குப் போதாது.”

“எங்களுக்குப் போறதுக்கு ஒரு வீடிருக்கு,” என்றாள் கம்சாயினி. “முட்ட அங்க கொண்டுபோங்க.”

ஒரு மணித்தியாலத்தில் கைவண்டி நிறையப் பாலைக் கால்களோடு நல்லரத்தினத்தாரும் விஜிதரனும் இராசாத்தி வீட்டு வேலியடியில் நின்றார்கள். மழை விட்டிருந்தது. ஒழுங்கையில் சனம் நடமாடத் தொடங்கியிருந்தது. சுலோஜனா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். இராசாத்தி வந்தாள். படலையைத் திறக்கவில்லை.

“என்ன, இஞ்சயும் தண்ணி குடிக்க வந்தீங்களா?”

“முட்டுக்கொடுக்க வந்தன் தங்கச்சி.”

“நல்ல மண்ணில கட்டின பீமுக்கு முட்டு என்னத்துக்கு?”

நல்லரத்தினத்தார் படலைக்குக் கிட்ட வந்தார். “அது உப்பு மண். எனக்கு அப்பவே தெரியும். வைகாசியில கம்பி உதிர்ந்ததக் கண்டுதான் பூசி மறைச்சன். அதுக்கு மறுகாதான் உனக்கு எழுதித் தந்த.” மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற விஜிதரனுக்கே பாதிதான் கேட்டிருக்கும்.

“எனக்குக் கேக்கல்ல.”

“இராசாத்தி…”

“சபையில உங்கட குரல் பின்வாங்கு மட்டும் கேட்டிச்சே. இஞ்ச மட்டும் ஏன் மெதுவாக் கதைக்கிறீங்க? மாப்பிள்ளை வீட்டாக்கள் நான்தான் பொய்க்காறி எண்டு நினைச்சிட்டு இருக்காங்க. ஒழுங்கைக்குக் கேக்கச் சொல்லுங்க.”

நல்லரத்தினத்தார் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு வேலியில் இரண்டு பெண்கள். கடையடியில் நாலைந்து ஆண்கள். காலையில் கைகொடுத்தவர்களில் இருவர் அதில் நின்றார்கள். இனி இந்த ஊரில் கொந்தராத்து இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தார்.

“நான் கட்டின இந்த வீடு உப்பு மண்ணில கட்டின வீடு!” என்று கத்தினார். அறுபது வயதுக் குரல் நடுவில் உடைந்தது. திரும்பவும் பிடித்துக்கொண்டு கத்தினார். “தெரிஞ்சுதான் செஞ்ச! என்ட மகள்ட வீடும் அந்த மண்தான்! ரெண்டையும் நானே உடைச்சுக் கட்டித் தாறன்! முதல்ல இது!”

கடையடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. நன்றியென்று சொல்ல இராசாத்திக்கு எந்தக் கடமையும் இல்லை, சொல்லவுமில்லை. படலையின் கயிற்றை அவிழ்த்து விரியத் திறந்துவிட்டாள். விஜிதரன் ஒரு பாலைக் காலைத் தோளில் ஏற்றினான். நல்லரத்தினத்தார் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு, வேலைத்தலத்துக்குள் நுழைகிற பழக்கத்தில், சேற்றுச் செருப்போடு வாசற்படியில் கால் வைத்தார்.

“செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க,” என்றாள் இராசாத்தி. “இது நாங்க குடியிருக்கிற வீடு.”